குதிரைப் பந்தயம்: பொழுதுபோக்கு நோயாக மாறும் வழி

கொழும்பு–புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் பாலாவியிலும் அதனைச் சூழ்ந்த கரையோர ஊர்களிலும் உப்பளம், மீன்பிடி, நாட்கூலி வேலை ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்களின் வருமானம் மழைக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கூடிக் குறைகிறது. இத்தகைய நிலையில், சிறு தொகையைக் கட்டிப் பெருந்தொகையை எடுத்துவிடலாம் என்னும் எண்ணம் எளிதில் மனத்தைப் பற்றிக்கொள்வதால், குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் பழக்கத்தை ஒழுக்கக் கேடாக மட்டும் நோக்காமல் உடல்நலப் பிரச்சினையாகவும் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

பருவ விழாவிலிருந்து அன்றாடப் பழக்கத்துக்கு

நுவரெலியாவில் 1875இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடலில் இன்றும் ஏப்ரல் வசந்த காலத்தில் பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஆனால், பேச்சுவழக்கில் ‘புக்கி’ எனப்படும் பந்தய நிலையங்களில் பணம் கட்டப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டுக் குதிரைகளின் மீதாகும். நேர வேறுபாட்டின் காரணமாக ஆஸ்திரேலியப் பந்தயங்கள் இலங்கையில் காலையிலும், பிரித்தானியப் பந்தயங்கள் மாலையிலும் இரவிலும் நேரலையாகக் காட்டப்படுவதாலும், கைபேசி அவற்றை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டதாலும், ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஓய்வு சில நிமிடங்களாகச் சுருங்கியுள்ளது. தோல்வியை எண்ணிப் பார்த்து எழுந்து செல்வதற்குத் தேவையான இந்த இடைவெளி குறையக் குறைய, பொழுதுபோக்கு அடிமைத்தனமாக மாறும் வாய்ப்பும் கூடுகிறது.

கணக்கு எவர் பக்கம்?

ஐந்து குதிரைகள் ஓடும் பந்தயமொன்றில் ஒவ்வொன்றுக்கும் ‘மூன்றுக்கு ஒன்று’ என்ற விகிதம் வழங்கப்படுவதாகக் கொண்டால், ஐந்தின் மீதும் தலா 100 ரூபாய் கட்டுபவர் 500 ரூபாயைச் செலவிட்டு, எந்தக் குதிரை வென்றாலும் கட்டிய 100 ரூபாயுடன் 300 ரூபாயையும் சேர்த்து 400 ரூபாயையே திரும்பப் பெறுவார். எஞ்சும் 100 ரூபாய் பந்தயத்தை நடத்துபவரின் இலாபமாகும். விகிதங்கள் குதிரைக்குக் குதிரை மாறினாலும் இந்த இலாபம் அவற்றுக்குள் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான லக்ஷ்மணன் வழக்கில் தீர்ப்பளித்தது உண்மையே. எனினும், குதிரையின் வம்சம், ஓட்டுநர், தரையின் தன்மை ஆகியவற்றைப் பற்றிய அறிவு இந்த இலாப விகிதத்தை அகற்றிவிடுவதில்லை; மாறாக, அரைகுறை அறிவு “அடுத்த முறை சரியாகக் கணித்துவிடலாம்” என்ற நம்பிக்கையை வளர்த்து, தொடர்ந்து பணம் கட்டச் செய்கிறது.

மூளையில் நிகழ்வது

எதிர்பார்ப்புக்கும் ஊக்கத்துக்கும் அடிப்படையான டோபமைன் என்னும் வேதிப்பொருள், உறுதியாகக் கிடைக்கும் பரிசைவிட, கிடைக்குமா கிடைக்காதா என்ற ஐயத்துக்கு உரிய பரிசின்போது நீடித்துத் தூண்டப்படுகிறது. பணம் கட்டிய குதிரை கழுத்தளவு வித்தியாசத்தில் தோற்கும்போது அதுவும் தோல்வியே என்றாலும், வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சில இத்தகைய ‘நூலிழைத் தோல்வி’களின்போதும் இயங்குவதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்புடன் மேலும் பெரிய தொகையைக் கட்டுவது இதன் அடுத்த படியாகும்.

நோயை அறிதல்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களின் வகையில் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அது அவ்வாறே இடம்பெற்றுள்ளது. உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 1.2 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. அமெரிக்கச் சங்கத்தின் வரையறைப்படி, பின்வரும் ஒன்பது அறிகுறிகளில் நான்கேனும் 12 மாத காலத்துக்குள் காணப்பட்டால் இந்நோய் இருப்பதாகக் கருதப்படுகிறது:

- எந்நேரமும் பந்தய நினைவாகவே இருத்தல்
- அதே கிளர்ச்சிக்காகத் தொகையைக் கூட்டிக்கொண்டே போதல்
- நிறுத்த முயன்று மீண்டும் மீண்டும் தோற்றல்
- நிறுத்தும்போது எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுதல்
- மனக்கவலையிலிருந்து தப்பப் பந்தயத்தை நாடுதல்
- இழந்ததை மீட்க மறுபடியும் பணம் கட்டுதல்
- குடும்பத்தினரிடம் மறைத்தலும் பொய் கூறுதலும்
- தொழில், கல்வி, உறவு ஆகியவற்றை ஆபத்துக்கு உள்ளாக்குதல்
- பண நெருக்கடியைத் தீர்க்கப் பிறரைச் சார்ந்திருத்தல்

உடலும் குடும்பமும்

தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவை கடன் சுமையுடன் சேர்ந்து வருவதோடு, மது, புகையிலைப் பாவனையும் பலரிடம் உடன் காணப்படுகிறது. இக்கோளாறு உடையோரிடையே தற்கொலை அபாயமும் மிகுதியாக இருப்பதால், “செத்தால்தான் கடன் தீரும்” போன்ற பேச்சை எவரும் அலட்சியப்படுத்தக் கூடாது. சூதை விலக்கப்பட்டதாகக் கருதும் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பாலாவிப் பகுதியில் மார்க்கக் கட்டுப்பாடு பலருக்கு வலுவான காப்பாக அமைகிறது. ஆயினும், பழக்கத்துக்கு ஏற்கெனவே ஆட்பட்டவரை அதே அவமான உணர்வு மறைந்து வாழச் செய்து, சிகிச்சையைத் தாமதப்படுத்தவும் கூடும்.

தடுப்பும் சிகிச்சையும்

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி பந்தயத் தொழில் நடத்துவோரிடமிருந்து அரசு வரி அறவிட்டு வருகிறது. ஆனால், சட்டம் அனுமதிப்பது உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று பொருள்படாது. தவறான நம்பிக்கைகளை இனங்கண்டு மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இக்கோளாறுக்குப் பயனளிக்கிறது. உடனிருக்கும் மனச்சோர்வுக்கும் மதுப் பழக்கத்துக்கும் வைத்தியர் தனியே சிகிச்சை அளிப்பார். பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகள் சூதாட்ட உந்துதலைத் தூண்டக்கூடும் என்பதால், அவற்றை உட்கொள்வோரிடம் இம்மாற்றம் தெரிந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் அறிவிக்க வேண்டும்.

குடும்பத்தினர் கடனை அடைக்கப் பழக்கத்துக்கு ஆட்பட்டவர் கையில் பணம் கொடுப்பதைத் தவிர்த்து, கடன் கொடுத்தவரிடம் நேரடியாகச் செலுத்துவதும், கூலியையும் வங்கி அட்டையையும் நம்பகமான ஒருவர் சிறிது காலம் பொறுப்பேற்பதும், கைபேசியிலுள்ள பந்தயச் செயலிகளை நீக்குவதும், உந்துதலுக்கும் பணத்துக்கும் இடையே தேவையான இடைவெளியை மீண்டும் உண்டாக்கும். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தோ, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடியோ ஆலோசனை பெறலாம். வீட்டு நகை அடகுக்குப் போகும்வரை காத்திராமல், முதல் பொய் வெளிப்படும்போதே அதைச் செய்வது சிறந்தது.