இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள்

பழைய பாணியில் செய்யப்படும் ஹார்ட் ராக் மின்கித்தார்கள் பலவற்றில், கம்பிகளுக்கு அடியில் அகலமான ஒரு பெட்டியைக் காணலாம். அதுதான் ‘ஹம்பக்கர்’. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955இல் உருவாக்கியது.

எஃகுக் கம்பி அதிரும்போது, காந்தத்தின் மீதுள்ள செம்புச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதே சுருள் சுற்றியுள்ள மின்கருவிகளின் ‘ம்ம்’ இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதன் விளைவு அது. ஹார்ட் ராக் இசைக்காக ஒலியைப் பன்மடங்கு பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். இரண்டிலும் நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. அப்படியானால் இசையும் அழியாதா? அழியாது. ஒரு சுருளில் காந்தத்தின் வடமுனையும் மற்றதில் தென்முனையும் கம்பியை நோக்கியிருக்கும். அதனால் இரண்டாம் சுருளில் இசை முதலிலேயே தலைகீழாகத்தான் பிறக்கிறது. எதிரிணைப்பு அதை மீண்டும் புரட்டுவதால், இரண்டு எதிர் எண்களைப் பெருக்கினால் நேர் எண் கிடைப்பதுபோல, இசை ஒன்றுசேர்ந்து வலுக்கிறது.