எம்ஜிபி காரின் உடற்கூடு: துருவிலிருந்து மீட்கும் வேலை

பிரிட்டனின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் கார், 1965இல் வந்த கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்பனையானது. எஞ்சின் எளியது, உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, வண்டியும் பெரிதன்று என்பதால், பழங்கார்மீது பற்றுள்ள பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே முழுவதும் பிரித்து மீட்டெடுக்கும் கார்களுள் இது முன்வரிசையில் நிற்கிறது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது இந்த மீட்பில் சிறு பகுதியே. காலத்தையும் பொறுமையையும் பெரிதும் கேட்பது உடற்கூட்டு வேலையாகும். அந்த வேலையின் வெற்றியும் தோல்வியும் பளபளக்கும் வண்ணத்தில் இல்லை. கதவுகளுக்கு அடியில் எவர் கண்ணிலும் படாமல் ஓடும் இரண்டு தகட்டுப் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

இதன் காரணம் காரின் அமைப்பிலேயே உள்ளது. எம்ஜிபிக்கு முன் அதே தொழிற்சாலையில் உருவான எம்ஜிஏ காருக்குத் தனிச் சட்டம், அதாவது சேஸிஸ் இருந்தது. எஞ்சினையும் சக்கரங்களையும் சட்டம் தாங்க, மேலே உள்ள உடற்கூடு ஒரு போர்வையாக மட்டும் அமைந்திருந்தது. எம்ஜிபியிலோ சட்டம் நீக்கப்பட்டு, மடித்தும் அச்சில் அழுத்தியும் உருவாக்கிய எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்த கூடே எல்லாச் சுமையையும் தாங்கும் மோனோகாக் என்னும் முறை கையாளப்பட்டது. இதனால் எடை குறைந்தது, உள்ளிடம் கூடியது. ஆனால் தகடு துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடும் என்ற நிலை மாறி, வண்டியின் வலுவே குறையும் என்ற நிலையும் கூடவே வந்தது. கூரையுள்ள காரில் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. திறந்த காரோ மூடியை எடுத்துவிட்ட அட்டைப் பெட்டியைப் போன்றது. இரு கைகளாலும் பிடித்து முறுக்கினால் எளிதில் வளைந்து கொடுக்கும். இந்தக் குறையை ஈடுசெய்யவே கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்தின் பின்புறத்திலிருந்து பின்சக்கரத்தின் முன்புறம் வரை, சில் எனப்படும் உறுதியான பெட்டி இருபுறமும் அமைக்கப்பட்டது. இக்கட்டுரையில் அது கதவடிப் பெட்டி என்றே குறிக்கப்படும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரே தகடாகத் தோன்றினாலும், குறுக்கே வெட்டிப் பார்த்தால் நான்கு உறுப்புகள் தெரியும். வெளிப்புறத்தில் வளைவான தகடும், உட்புறத்தில் கால்வைக்கும் தரையை ஒட்டி நிற்கும் மற்றொரு தகடும், இவ்விரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நின்று பெட்டியை இரண்டு அறைகளாகப் பிரிக்கும் நடுத்தகடும், அடியில் தரையின் ஓரத்தை ஒட்டி நீளவாட்டில் ஓடும் காஸில் செக்‌ஷன் என்னும் மடிப்புத் தகடும் சேர்ந்தே கதவடிப் பெட்டி உருவாகிறது. இவற்றின் தடிப்பு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய தகடு ஒரு காரைத் தாங்குவதற்குக் காரணம், அது மூடிய குழாயாக இருப்பதே ஆகும். மெல்லிய சுவருடைய குழாய் ஒன்றில் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டுப் பிளந்துவிட்டால், எடுத்த உலோகம் ஒன்றுமில்லை என்றாலும், முறுக்கை எதிர்க்கும் அதன் விறைப்பு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும் என்பது பொறியியலில் நிறுவப்பட்ட உண்மை. துரு செய்வதும் இதையே: பெட்டியின் அடி மடிப்பில் ஓரிடத்தில் தின்னத் தொடங்கி, மூடிய குழாயை மெல்ல மெல்லத் திறந்த தகடாக மாற்றிவிடுகிறது.

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேரும் இடத்தில் துரு உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். பிரிட்டனில் குளிர்காலத்துப் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி இந்த வேதிவினையை விரைவுபடுத்துகிறது. எம்ஜிபியின் முன்சக்கர மட்கார்டுக்குள், சக்கரத்துக்குப் பின்னால், சேற்றைத் தடுக்க ஒரு தகடும் அதன் விளிம்பில் ரப்பர் பட்டையும் உண்டு; அந்த ரப்பர் காய்ந்து சுருங்கியதும், சக்கரம் வாரியிறைக்கும் உப்புச்சேறு உள்ளே புகுந்து, கதவடிப் பெட்டியின் முன்முனைமேல் படிந்து, ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. நீர் வடிவதற்கென விடப்பட்ட துளைகளும் அடைபட்டுப்போகும். துருவின் பருமன் அது உண்டான இரும்பின் பருமனைப் போலப் பல மடங்கு என்பதால், பற்றவைத்த இரு தகடுகளுக்கு நடுவே பிடிக்கும் துரு அவற்றை நெம்பிப் பிரிக்கும் வலிமையும் பெறுகிறது. வெளித்தகட்டில் சிறு கொப்புளம் தென்படும்போது உள்ளே நடுத்தகடு பெரும்பாலும் பொடியாகியிருக்கும்.

ஆகவே வாங்கும் முன்போ வேலையைத் தொடங்கும் முன்போ செய்யும் ஆய்வில், கண்ணைவிடக் கைக்கும் கருவிக்கும் வேலை அதிகம். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று அறியலாம். குத்தூசியை அழுத்தினால் உள்ளே இறங்கும் இடம் பயனற்றது. எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி கதவுதான். கதவின் பின்விளிம்புக்கும் அதை அடுத்த உடற்தகட்டுக்கும் இடையிலான இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். மேற்பகுதி நெருங்கியும் கீழ்ப்பகுதி விரிந்தும் இருந்தால், கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கும்போது கதவு இறுகித் திறக்க மறுத்தால், கதவடிப் பெட்டி தன் வேலையை எப்போதோ நிறுத்திவிட்டது எனலாம். பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதால், இத்தகைய குறையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முன்னைவிட மிகுதியாக உரிமையாளர்மேல் விழுகிறது.

துருப்பிடித்த தகட்டின்மேல் புதிய வெளித்தகட்டைப் போர்த்திப் பற்றவைத்து விற்றுவிடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இதைவிடத் தீங்கான பழுதுபார்ப்பு வேறில்லை. அழுகிய தகட்டில் பற்றவைப்பு பிடிக்காது, இடையில் தேங்கும் ஈரம் புதிய தகட்டையும் தின்னும், வெளித்தோற்றத்தை நம்பி வண்டியை ஓட்டுபவரின் உயிருக்கும் உறுதியில்லை. முறையாகச் செய்வதாயின், கதவடிப் பெட்டியின் இரு முனைகளும் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் உள்ளே மறைந்திருப்பதால், திருகாணியால் பூட்டிய முன் மட்கார்டைக் கழற்றியும், உடலோடு பற்றவைத்துள்ள பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை அறுத்தெடுத்தும், பெட்டியை அதன் முழு நீளத்துக்கும் திறக்க வேண்டும்.

அறுக்கும் முன் செய்ய வேண்டியவையே இந்தத் தொழிலின் உயிர்நாடி. கதவடிப் பெட்டியை வெட்டியதும் கூட்டின் நடுப்பகுதி வலுவிழந்து தன் எடையாலேயே தொய்யும். அந்த நிலையில் புதிய தகடுகளைப் பற்றவைத்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. எனவே வண்டியை அதன் சுமைதாங்கும் இடங்களில் ஸ்டாண்டுகள்மேல் அமர்த்தி, ரசமட்டம் வைத்துச் சமன்பார்த்து, கதவுத் திறப்பின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்து, மூலைவிட்ட அளவுகளை எடுத்து எழுதிவைத்த பிறகே கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும். காரில் ஏற்கெனவே தொய்வு இருந்தால், முட்டுக் கொடுப்பதற்கு முன்பே ஜாக்கியால் மெல்ல நிமிர்த்தி, கதவைத் தொங்கவிட்டு இடைவெளியைச் சரிசெய்வது முதல் வேலை. ஒரு பக்கத்தை முழுதும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். பெட்ரோல் டாங்கியும் குழாய்களும் பாட்டரியும் இந்த வேலை தொடங்கும் முன்பே வண்டியை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் தீ பிடித்தால் கார் மட்டும் எரிவதில்லை.

தொழிற்சாலையில் தகடுகள் ஸ்பாட் வெல்டிங் முறையில் இணைக்கப்பட்டவை: இரு செப்பு முனைகளுக்கிடையே தகடுகளை அழுத்தி மின்சாரம் பாய்ச்சினால், அழுத்திய புள்ளியில் இரண்டும் உருகி ஒன்றாகும். இந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டு, மேல்தகட்டை மட்டும் துளைக்கும் தனி ட்ரில் முனையால் குடைந்தெடுத்தால் அடித்தகடு சேதமின்றி நிற்கும். புதிய தகட்டை வைக்கும்போது அதில் வரிசையாகத் துளையிட்டு, அந்தத் துளைகளை மிக் வெல்டிங்கால் நிரப்புவர். மிக் வெல்டிங் என்பது சுருளிலிருந்து இடைவிடாது வெளிவரும் கம்பியே மின்முனையாகவும் நிரப்பு உலோகமாகவும் இருந்து உருக, ஆர்கானும் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும் முறையாகும். மெல்லிய உடற்தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி ஏற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் தகடுகளின் உட்புறத்தில் துத்தநாகம் கலந்த பிரைமர் பூசுவது நல்லது. ஆனால் சூட்டில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்குமாதலால் காற்றோட்டம் இன்றியமையாதது.

பின் மட்கார்டு போன்ற அகன்ற தகடுகளில் ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் தகடு நெளிந்துவிடும். சூடேறிய பகுதி விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதற்கு இடம் தராததால், சூட்டில் இளகிய உலோகம் தன்னுள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுக்கிறது. இதனால்தான் அனுபவமுள்ளவர் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளியைக் கையகலம் தள்ளி வைத்து, இடையிடையே ஆறவிட்டு, பொட்டுப் பொட்டாகவே கோட்டை நிரப்புவார். அப்படியும் எஞ்சும் சுருக்கத்தை, தகட்டின் பின்புறம் டாலி என்னும் வழுவழுப்பான இரும்புக் கட்டியைப் பிடித்து, முன்புறம் பற்றவைத்த கோட்டின்மேல் சுத்தியலால் தட்டி விரித்துச் சரிசெய்யலாம். சுத்தியல் டாலியின்மேல் நேராக விழும்போது எழும் கணீரென்ற ஒலி, டாலி விலகியதும் மங்கிப்போகும். கண்ணால் காண முடியாத பின்பக்கத்தைத் தொழிலாளி காதால் அறிகிறார். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டிங்கரிங் என்று வழங்கும் இந்தக் கைத்திறன் நூலில் படித்து வருவதன்று. ஆனால் பழைய பானட் ஒன்றை வைத்துப் பயிலும் எவருக்கும் சிறுகச் சிறுகக் கைவரக்கூடியதே.

மீதமுள்ள பள்ளங்களை நிரப்ப அக்காலத் தொழிற்சாலைகள் ஈயத்தைக் கையாண்டன. 30 விழுக்காடு வெள்ளீயமும் 70 விழுக்காடு காரீயமும் கலந்த பற்றுலோகம் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, ஏறக்குறைய 255 டிகிரியில்தான் முழுதும் நீராகிறது. இடைப்பட்ட வெப்பத்தில் குழைவாக நிற்பதால், கொழுப்புத் தடவிய மரக்கரண்டியால் செங்குத்துத் தகட்டிலும் வழியாமல் பரப்பலாம். ஈயத் தூள் நஞ்சாதலால் அதை உப்புத்தாளால் தேய்க்காமல் அரத்தால் சீவியே சமன்செய்ய வேண்டும். இன்று பலரும் பயன்படுத்தும் பாலியஸ்டர் பட்டி எளிதானது, மலிவானது. சுத்தமான உலோகத்தின்மேல் மெல்லியதாக இழுத்தால் நெடுநாள் நிற்கும், ஓட்டையை மறைக்க அடைத்தால் ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளிக்கும்.

வண்ணப்பூச்சைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடித்தளம் சமமாக இருந்தால் பூச்சு தானே அமையும். ஆனால் ஓர் எச்சரிக்கையை விட்டுவிட முடியாது. கடினப்படுத்தும் திரவம் சேர்த்துத் தெளிக்கும் டூ-பேக் வண்ணங்களுள் பெரும்பாலானவற்றில் உள்ள ஐசோசயனேட் சேர்மம் மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் முகமூடி வேண்டும். அந்த வசதியில்லாத வீட்டுக் கொட்டகையில் பழைய செல்லுலோஸ் வண்ணத்தைப் பயன்படுத்துவதோ, பிரைமர் வரை முடித்து வண்ணத்தை மட்டும் பட்டறையில் தெளிக்கச் சொல்வதோ அறிவுடைய செயல்.

இத்தனையும் தாங்காத அளவுக்கு அழிந்த கூடுகளுக்கும் இன்று வழியுண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், எம்ஜிபியின் தகடுகளை அழுத்திய அசல் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988இல் முழு உடற்கூட்டையே புதிதாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அந்தக் கூட்டை அடிப்படையாகக் கொண்டே 1992இல் ஆர்வி8 என்னும் புதிய எம்ஜி கார் வெளிவந்தது. இருப்பினும் அசல் கூட்டில் பாதியேனும் நன்றாக இருக்குமானால் அதைத் திருத்திக் காப்பதே சிறந்தது என்று சொல்ல வேண்டும். அந்த அசல் அச்சுகளில் எடுத்த கதவடித் தகடுகளும் தரைத் தகடுகளும் தனித்தனியாகவே கிடைப்பதால், அழுகிய பகுதியை மட்டும் மாற்றி, அபிங்டனிலிருந்து வெளிவந்த கூட்டின் எஞ்சிய தகடுகளை அப்படியே தக்கவைக்க முடிகிறது.

பூச்சு காய்ந்த பிறகு செய்யும் இறுதி வேலை, மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு செலுத்துவது. நீண்ட மெல்லிய குழாயை வடிதுளைகள் வழியே நுழைத்து, கதவடிப் பெட்டியின் இரண்டு அறைகளிலும் தெளித்தால், மெழுகு தகடுகளின் இடுக்குகளுக்குள் ஊறிச் சென்று காற்றையும் நீரையும் விலக்குகிறது. வண்டி ஒரு நாள் வெயிலில் நின்று மெழுகு இளகி வழிந்து முடிந்ததும், அதனால் அடைபட்ட வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.