பில் வாங்காமல் பிரா வாங்காதீர்கள்

மூன்று சலவைகூடத் தாங்காமல் கம்பி வெளியே வந்து அக்குளில் குத்திய பிராவைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த வாரமே வேறொன்று வாங்கிக்கொள்ளும் பெண்களை வருடக்கணக்கில் பார்த்து வருகிறேன். 700 ரூபாய் போனது போனதுதான். ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், "அதைப் போயி கடையில எப்படீங்க எடுத்துக் காட்டறது?" என்கிறார்கள். துணிந்து கொண்டுபோனவர்களுக்கு, கோவை கிராஸ்கட் ரோடானாலும் பொள்ளாச்சிக் கடைவீதியானாலும், பெரும்பாலும் ஒரே பதில்: "இன்னர் ஐட்டமெல்லாம் மாத்தறதில்லீங்க்கா, பில்லுலயே போட்டிருக்குதுங்." அந்த வரியைப் படித்ததும் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுக்க எந்தக் கடைக்கும் உரிமை இல்லை.

இன்னொரு பக்கம், பில்லே வாங்காதவர்கள். "எஸ்டிமேட்" என்று மேலே எழுதிய வெள்ளைச் சீட்டை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதில் கடையின் பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணிக்கு மட்டும் இத்தனை அவசரம், இத்தனை கூச்சம். பின்னலாடையை உலகுக்கே தைத்து அனுப்பும் திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் உள்ளாடையின் அளவு எப்படிக் கணக்காகிறது என்று தெரியாத பெண்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

வரலாறு நமக்கு அதிகம் வேண்டாம். நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் இணைத்துத் தைத்த வடிவத்துக்கு 1914 நவம்பர் 3 அன்று காப்புரிமை கிடைத்தது. ஏ, பி, சி, டி என்று கப் அளவுக்கு எழுத்துகள் வந்தது 1930களில். கம்பி வைத்த பிரா பரவலானது இரண்டாம் உலகப் போர் முடிந்து உலோகத் தட்டுப்பாடு நீங்கிய பிறகு. வட்ட வட்டமாகத் தையல் ஓடும் கூம்பு வடிவமும் அந்தக் காலத்தில்தான் கொடிகட்டிப் பறந்தது; நம் அம்மாக்கள் போட்ட வெள்ளைக் காட்டன் பாடியிலும் அதே வட்டத் தையலைப் பார்க்கலாம். 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து, ஓடும்போது மார்பு குலுங்கி வலிக்காதபடி ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வகையும் ஒரு தேவைக்காகப் பிறந்தது. நிறத்தையும் லேஸையும் மட்டும் பார்த்து வாங்கினால் உடம்புதான் அனுபவிக்கும்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: கம்பி வைத்ததோ இறுக்கமானதோ வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் பால் கட்டிக்கொண்டு வீங்கும், காய்ச்சலில் கொண்டுபோய் விடும். முன்பக்கம் திறக்கும் நர்ஸிங் பிராவைத் தளர்வாக வாங்குங்கள். மில்லிலும் தையல் யூனிட்டிலும் நாள் முழுக்க வேர்த்து வேலை செய்பவர்களுக்கு, பேட் வைத்த சிந்தெடிக் பிரா மார்புக்கு அடியில் ஈரத்தைத் தேக்கிவைத்துப் படை வர வழி செய்யும். மெல்லிய காட்டனே போதும். நீட் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு ஹூக்கோ கம்பியோ இல்லாத, தலைவழியே மாட்டும் காட்டன் பிராவை எடுத்துக் கொடுங்கள். 2022 ஜூலை 17 அன்று கேரளத்தின் கொல்லம் மாவட்டம் ஆயூர் மையத்தில் ஹூக்கின் உலோகத்தைக் காரணம் காட்டி மாணவிகளின் பிராவைக் கழற்ற வைத்தார்கள். வழக்குப் பதிவானது, செப்டம்பர் 4இல் மறுதேர்வும் நடந்தது. அப்படிக் கழற்றச் சொல்லத் தேர்வு விதியில் இடமே இல்லை. சோதனை செய்வதானால் பெண் ஊழியர்தான், அதுவும் மறைவான அடைப்புக்குள்தான் செய்ய வேண்டும்.

துவைத்ததை இருட்டுக் குளியலறையில் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கத்தையும் விடுங்கள். ஈரம் போகாத துணிதான் அரிப்புக்கும் படைக்கும் பாதிக் காரணம். பிரா போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 1,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. ஆனால் கட்டியோ, காம்பில் கசிவோ, தோலில் குழியோ தெரிந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மறுநாளே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அளவு. "எனக்கு 34" என்பவர்களில் பலர் கடைசியாக டேப் பிடித்தது எப்போது என்று அவர்களுக்கே நினைவிருக்காது. 34 என்றால் 34 அங்குலம் என்று நினைப்பது முதல் தவறு. மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி டேப்பைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, மூச்சை வெளியே விட்டு அளந்தால் 73 முதல் 77 சென்டிமீட்டர் வருபவருக்குத்தான் பெரும்பாலான நிறுவனங்களின் 34. அதற்கு அடுத்த 5 சென்டிமீட்டருக்கு 36, அதற்கடுத்த ஐந்துக்கு 38. பிறகு மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் அளந்து, முதல் அளவைக் கழியுங்கள். வித்தியாசம் 12 முதல் 14 வரை வந்தால் ஏ, 16 வரை பி, 18 வரை சி, 20 வரை டி. கீழே 75, மேலே 90 என்றால் வித்தியாசம் 15. உங்கள் அளவு 34பி. மெல்லிய, பேட் இல்லாத பிராவோடு வீட்டிலேயே அளக்கலாம். புதிதாகப் போடும்போது கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான ஹூக்கில், கச்சிதமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே மாற்றிக்கொள்ளத்தான் மற்ற ஹூக்குகள். பாரத்தைத் தாங்க வேண்டியது முதுகுப் பட்டை. தோளில் பள்ளம் விழுகிறது என்றால் பட்டை பெரிது, கப் சிறிது.

வீட்டில் அளந்துகொண்டு போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ட்ரையல் ரூம். உள்ளே போனால் கொக்கி, ஸ்மோக் டிடெக்டர், தடுப்பின் மேல் இடைவெளி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். கேமராவோ செல்போனோ சிக்கினால் அதைப் பிடுங்கி எடுக்காதீர்கள். இருந்தபடியே போட்டோ எடுத்து, துணைக்கு ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு 112க்கோ 181க்கோ அழையுங்கள். இது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77இன் கீழ் குற்றம். முதல்முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் போலீஸ்தான் எழுதிக்கொள்ள வேண்டும், எஃப்ஐஆர் நகல் இலவசம். எழுத மறுத்தால் கோவை மாநகருக்குள் கமிஷனருக்கும், வெளியே எஸ்.பி.க்கும் தபாலில் அனுப்புங்கள். கடை முதலாளி உள்ளே கூப்பிட்டுச் சமாதானம் பேசினால் போகாதீர்கள்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது லேபிள். எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருட்கள் விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. பெட்டி இல்லாமல் உதிரியாக விற்கும் உடையிலும் நான்கு விவரம் கட்டாயம்: தயாரித்தவர் அல்லது விற்பனைப்படுத்துபவரின் பெயர் முகவரி, புகார் சொல்லப் போன் எண்ணும் மின்னஞ்சலும், சென்டிமீட்டரோடு சேர்ந்த அளவு, எம்ஆர்பி. வெறும் 34 என்றோ எல் என்றோ போட்டால் போதாது. திருப்பூர் காதர்பேட்டையிலும் ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் லேபிள் வெட்டிய பீஸ்கள் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று குவிந்து கிடக்கின்றன. விலை மலிவு என்று வாங்கினால், பழுதானபின் யாரைப் பிடிப்பீர்கள்? செகண்ட்ஸ் என்று சொல்லி விற்றால் அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். லேபிளே இல்லாமலோ எம்ஆர்பிக்கு மேலோ விற்கும் கடை மீது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தராசு முத்திரைக்கு மட்டும்தான் அந்த அலுவலகம் என்று நினைப்பவர்களே அதிகம். அதிகாரிகளும் தீபாவளிக்கு முன் நாலு கடையில் ஏறி இறங்கிவிட்டு, மற்ற மாதங்களில் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அசைகிறார்கள்.

அடுத்தது பில். 200 ரூபாய்க்குக் குறைந்த பொருளானாலும், ஜிஎஸ்டி பதிவுள்ள கடை நீங்கள் கேட்டால் தனிப் பில் தந்தாக வேண்டும். எஸ்டிமேட் சீட்டை வாங்காதீர்கள். வெப்பத்தாளில் வரும் பில் பீரோவுக்குள் ஒரே கோடையில் வெளுத்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுங்கள். லேபிளையும் எடுங்கள். பில் இல்லாமல் பிறகு என்னிடம் வந்து அழுபவர்களுக்குச் சொல்ல எனக்கு எதுவும் இருப்பதில்லை.

சட்டம் என்ன தருகிறது, என்ன தராது என்பதில் குழப்பம் வேண்டாம். நீங்களே தவறான அளவை எடுத்து, போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரக் கடைக்குக் கட்டாயமில்லை. சுகாதாரம் கருதி மறுப்பது நியாயமும்கூட. பழுது வேறு. கம்பி ஓடும் துணிக்குழாயின் இரு முனையிலும் பார்டேக் தையல் அடர்த்தியாக விழுந்திருக்க வேண்டும். அது விட்டுப்போய்க் கம்பி வெளியே வந்தால், ஸ்ட்ராப்பின் ரிங் உடைந்தால், முதல் சலவையிலேயே பட்டை தொளதொளத்தால், லேபிளில் போட்ட சென்டிமீட்டர் டேப்பில் வராவிட்டால் அது பழுது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47): பில் தராததும், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளைக்குள் கேட்க வேண்டும். 30 நாள். இரண்டு மாதம் அலமாரியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் கடைக்குப் பொருளோடும் பில்லோடும் போங்கள். நன்றாக அலசி, காயவைத்து, கவரில் போட்டுக் கொண்டுபோனால் கூசுவதற்கு எதுவும் இல்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழில் பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம். சிறு தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். படத்தில் காட்டியதற்கு மாறாக வந்திருந்தால், உள்ளாடை என்று சொல்லி அவர்களும் தப்ப முடியாது.

"மாற்றித் தரப்படமாட்டாது" என்று எல்லார் பில்லிலும் அச்சடிக்கும் கடை மீது, அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 17இன் கீழ் கலெக்டரிடமே எழுத்தில் புகார் தரலாம். இது உங்கள் 700 ரூபாயை மீட்பதற்கு அல்ல, அந்தக் கடையின் நடைமுறையையே விசாரிக்க வைப்பதற்கு. கோவையில் ஸ்டேட் பாங்க் ரோட்டிலும் திருப்பூரில் பல்லடம் ரோட்டிலும் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் வாங்குங்கள். மனுவின் தலைப்பிலேயே சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மேஜைக்கு மேஜை தள்ளி, கடைசியில் சம்பந்தமில்லாத அலுவலகத்தில் அது தூங்கும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு முன் கடைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு புகார் மனு, தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், பில், லேபிள் போட்டோ, கடித நகல், உண்மை என்று உறுதி சொல்லும் அஃபிடவிட். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை சென்னையில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். பழுதான பிராவை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. பொருளின் விலை, அலைந்த செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகிய மூன்றோடு, பில்லில் அந்த வாசகத்தை அச்சடிப்பதை நிறுத்தவும் பிரிவு 39இன் கீழ் உத்தரவிட வேண்டும் என்று நாலாவதாக ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.