அலகை வைத்து உறவு சொல்லாதீர்கள்

தென் அமெரிக்கக் காட்டுப் பறவையான டூக்கனின் படத்தைக் காட்டினால், வால்பாறைப் பக்கம் போய்வந்த பலரும் இருவாச்சி என்றே சொல்வார்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு, பழ உணவு, மரப்பொந்தில் கூடு என்று எல்லாமே ஒத்துப்போகிறது. ஆனால் டூக்கன், மரங்கொத்தியின் சொந்தம். இருவாச்சிக்கு நெருங்கிய உறவு, நம் வயல் வரப்பில் மண்ணைக் கிளறித் திரியும் கொண்டலாத்தி! ஒரே மாதிரிப் பிழைப்பு நடத்தினால் உருவமும் ஒத்துவிடும் போலிருக்கிறது.

முன்பு இருவாச்சியை மீன்கொத்தி, பனங்காடையோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பிறகு, கொண்டலாத்தியோடு சேர்த்துத் தனி வரிசையாக்கினார்கள். கூட்டைக் கவனித்தவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருந்திருக்காது. கொண்டலாத்திப் பெட்டை பொந்துக்குள் அடைகாக்க, சேவல்தான் இரை கொண்டுவந்து ஊட்டும். இருவாச்சிப் பெட்டையோ உள்ளே புகுந்ததும் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலையே பூசி அடைத்துவிடுகிறது. மிஞ்சுவது அலகு நுழையும் கீறல் மட்டும். பெரிய இருவாச்சியில் இந்தச் சிறைவாசம் மூன்று, நான்கு மாதம். சேவல் அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிவந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அந்தக் கீறல் வழியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் நடந்து திரியும் தரை இருவாச்சிகள் இரண்டுக்கும் வாசல் பூசும் வழக்கமில்லை. அவற்றைத் தனிக் குடும்பமாகவே பிரித்துவிட்டார்கள்.

ஆசிய, ஆப்பிரிக்க வெப்பமண்டலங்களில் சுமார் 60 வகை இருவாச்சிகள் உண்டு. இந்தியாவில் 9. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் 4. அவற்றில் மலபார் சாம்பல் இருவாச்சி உலகில் வேறெங்கும் கிடையாது. எல்லா இருவாச்சிகளுக்கும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் ஒன்றாய் இணைந்திருக்கும். அலகின் பாரம் தாங்கத்தான் என்கிறார்கள்.

அலகின் மேலுள்ள புடைப்பு பார்வைக்குத்தான் கனம். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். விதிவிலக்கு, மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ காடுகளில் வாழும் ஹெல்மெட் இருவாச்சி. அதற்கு முன்பக்கம் கெட்டியாக இருக்கும். சேவல்கள் பறந்தபடியே அதை மோதிக்கொள்ளும். தந்தம் போலச் செதுக்க வாகாக இருப்பதால் சீனச் சந்தைக்காக வேட்டையாடித் தள்ளினார்கள். 2015-இல் அது மிக மோசமான அழிவு அபாயப் பட்டியலுக்குப் போனது.

மரங்கொத்தி தன் பொந்தைத் தானே குடையும். இருவாச்சிக்கு அந்தத் திறமை இல்லை. பெரிய இருவாச்சி மூன்றடிக்கும் மேல் நீளம். அது உள்ளே திரும்பி உட்கார, முதிர்ந்த மரத்தில் கிளை முறிந்து உளுத்த பொந்து வேண்டும். வால்பாறையில் தேயிலைக்கு நடுவே தப்பிய காட்டுத் துண்டுகளில் அது இன்னும் கூடு வைப்பதற்குக் காரணம், அங்கே அப்படிப்பட்ட கிழ மரங்கள் வெட்டப்படாமல் மிஞ்சியிருப்பதுதான்.