முன்னோர் உருவும் வழிபாடும்

மறைந்த மன்னனை மறவாதிருக்க மாந்தர் கல்லிலும் உலோகத்திலும் உருவம் சமைத்தனர். அவ்வுருவத்தை முன்னோனாக ஆக்குவது எது? சிற்பியின் கைத்திறனா, அதன்முன் நிற்போரின் நெஞ்சமா?

மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில், பெனின் என்னும் அரசு பல நூற்றாண்டுகள் சிறந்து விளங்கியது. அதன் மன்னனுக்கு ‘ஓபா’ என்று பெயர். புதிதாக அரசேறும் ஓபா, மறைந்த தந்தைக்கு அரண்மனையில் ஒரு பீடம் அமைப்பான். மெழுகில் உருச்செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்திற் பித்தளையை வார்த்துத் தலையுருக்களை ஆக்குவர். சுவாமிமலைச் சிற்பிகளின் முறைக்கு இது உறவுடையதாகும். அத்தலைகளின் உச்சித் துளையிலே செதுக்கிய யானைத் தந்தத்தை நிறுத்துவர். மணியொலித்து முன்னோரை அழைத்துப் பலியிடுவர்.

1897ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை அந்நகரைக் கைப்பற்றி, ஆயிரக்கணக்கான கலைப்பொருள்களை அள்ளிச் சென்றது. பீடத்தில் முன்னோராக இருந்தவை ஐரோப்பிய நூதனசாலைகளிற் காட்சிப் பொருள்களாயின. நாடு கடத்தப்பட்ட ஓபா 1914இல் மறைந்தார். அவ்வாண்டே அவர் மைந்தர் இரண்டாம் எவெக்கா அரசேறினார். முன்னோர் வழிபாடும் தொடர்ந்தது. உருவங்கள் போயின, வழிபாடு போகவில்லை. 2022இல் ஜேர்மனியும் 2025இல் நெதர்லாந்தும் சில உருவங்களைத் திருப்பியளித்தன.

வன்னியிலும் இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. புளியங்குளத்திற் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, நெடுங்கேணி வழியாகச் சென்றால் ஒட்டுசுட்டானை அடையலாம். அதன் அயலிலுள்ளது கற்சிலைமடு. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை, அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்திற் பொறித்த கல்லொன்று அங்கு நாட்டப்பட்டது. அதில் மன்னனின் உருவமில்லை. வென்றவரின் பெருமையே இருந்தது. எனினும் வன்னி மக்கள் அதனைத் தம் முன்னோனின் நினைவுக்கல்லாகவே கொண்டனர். பின்னர் வவுனியா நகரில் அவனுக்குச் சிலையும் எழுந்தது.

இம்மனப்பாங்கு வன்னிக்குப் புதிதன்று. தம் கணவர் மாண்டனர் எனக் கேட்டுத் தீப்பாய்ந்த வன்னியர் குலப் பெண்களே நாச்சிமாராயினர் என்பது மரபு. அரச சிற்பிகள் எவரும் அவர்க்கு உருவம் வார்க்கவில்லை. ஊரார் பொங்கிப் படைத்தே அவர்களை நினைவில் வைத்தனர்.

பெனின் மக்கள் உருவங்களை இழந்தும் முன்னோரை இழக்கவில்லை. வன்னி மக்கள் பகைவன் நாட்டிய கல்லிலேயே முன்னோனைக் கண்டனர். உருவத்தைச் செய்வது சிற்பியின் தொழில். அதனை முன்னோனாக்குவது வழித்தோன்றல்களின் நினைவேயாம்.