வாடகைக் கட்டிடம் வாங்குமுன் பார்க்க வேண்டியவை



கையில் நாலு காசு மிஞ்சினால் ஒரு கட்டிடத்தை வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் நம்மில் அநேகருக்கு உண்டு. சரக்கு தேங்கும், கடன் வசூலாகாது. வாடகையோ மாதம் பிறந்தால் வந்து சேரும் என்று கருதுகிறோம். எண்ணம் நல்லதே. ஆனால் வாடகையும் ஒரு வியாபாரம்தான். முதல், செலவு, இலாபம், ஆபத்து நான்கும் அதில் உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு கடையைக் கிரயம் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம். ஆக 1,80,000 ரூபாய் சேர்ந்து முதல் 21,80,000 ஆகிறது. வாடகை மாதம் 8,000 என்றால் வருடத்திற்கு 96,000. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 8,000 போயிற்று. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மராமத்து என்று இன்னொரு 8,000. மீதி 80,000. நூற்றுக்கு 3 ரூபாய் 67 காசுதான் நிற்கிறது. இடத்தின் விலை ஏறினால் இலாபம்; ஆனால் அது விற்கும்போதுதான் கைக்கு வரும். ஆகவே கொள்முதல் பணத்தைத் தொட்டோ, அதிக வட்டிக்கு வாங்கியோ கட்டிடம் வாங்குவது கூடாது.

அடுத்தது, வாடகை எங்கிருந்து வருகிறது என்பது. நமது ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் கடைக்காரரின் விற்பனை, பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வாங்கும் கூலியை நம்பியே நடக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றித் தீர்ப்பளித்த பின்பு, சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி நின்றால் விற்பனை நிற்கும். விற்பனை நின்றால் வாடகை நிற்கும். ஆறு மாதம் வாடகை வராவிட்டாலும் தாக்குப்பிடிக்க முடியுமா என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பத்திர விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். தெரிந்தவர், உறவினர் என்றாலும் மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, நான்கு எல்லை அளவு ஆகியவற்றைச் சரிபார்த்த பின்பே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்குதாரர்களின் சம்மதமும் அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, உள்ளே யார் இருக்கிறார், என்ன வைத்திருக்கிறார் என்பது. 2021 பிப்ரவரி 12 அன்று நமக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, இடத்தை உள்குத்தகைக்கு எடுத்து வேறு பலர் வேலை நடத்தியது பின்னர் வெளிவந்தது. சாவியைக் கொடுத்தால் நம் பொறுப்பு முடிந்தது என்று எந்த இடத்துச் சொந்தக்காரரும் இருந்துவிட முடியாது.

கிட்டங்கி வாடகைக்கு விடுவோர் இதை மனதில் கொள்ள வேண்டும். தீபாவளி சமயத்தில் இரட்டிப்பு வாடகை தருகிறேன், என்ன சரக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் என்பவருக்கு இடம் கொடுக்கவே கூடாது. என்ன உபயோகத்திற்கு இடம், உள்வாடகைக்கு விடக்கூடாது, உரிமமின்றி வெடிபொருளோ இரசாயனமோ வைக்கக்கூடாது, சொந்தக்காரர் வந்து பார்வையிடலாம் என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாத்தூர், சிவகாசி போன்ற நகரங்களில் வாங்குவோர், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவும் செய்ய வேண்டும்.

புதிதாக இறங்குவோர் ஒரே ஒரு கடையோடு தொடங்குங்கள். நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் அது இருக்கட்டும். மாதம் ஒருமுறை வாடகை வாங்க நேரில் சென்று, உள்ளேயும் ஒரு பார்வை பார்த்து வாருங்கள்.