யூரின் கல்ச்சர் ரிசல்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்?

இரும்பையிலிருந்து ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகிறீர்கள். நீர்க்கடுப்பு, காய்ச்சல். யூரின் கல்ச்சர் எழுதித் தருகிறார்கள். சர்க்கரை அளவு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் இரண்டு மூன்று நாள்?

கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், அதனால்தான். மைக்ரோஸ்கோப்பில் பல பாக்டீரியாக்கள் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே வளர்ப்பு ஊடகம் (கிருமிக்கு வேண்டிய சத்து கலந்து உறையவைத்த கூழ்) உள்ள தட்டில் சிறுநீரைத் துளியளவு தடவி, உடல் சூடான 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறார்கள். ஒற்றைக் கிருமி பெருகிப் பெருகி, மறுநாள் குண்டூசித் தலை அளவு புள்ளியாகிவிடும்.

கூழ் எதனால் உறைகிறது? அகரால். நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்கிற கடல்பாசிதான் அது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டின் பயன்படுத்தினார்கள். வெயில் காலத்தில் இளகிவிடும். அங்கே பணிபுரிந்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1881இல் தன் சமையலறை அனுபவத்திலிருந்து அகரைச் சொன்னார். ஒருமுறை உறைந்தால் அது உருக 85 டிகிரி வேண்டும். கோக்கின் 1882ஆம் ஆண்டுக் காசநோய்க் கட்டுரையில் அகர் இருக்கிறது, ஃபேனியின் பெயர் இல்லை. அவசியம் இருந்திருக்க வேண்டிய பெயர்.

எந்தக் கிருமி என்று எப்படித் தெரியும்? மெக்கான்கி அகர் என்றொரு தட்டு உண்டு. அதிலுள்ள பித்த உப்பு, பல கிருமிகளை வளரவிடாது. குடலில் வாழ்பவை தாங்கிக்கொள்ளும். கூடவே லாக்டோஸும் (பால் சர்க்கரை) ஒரு சாயமும் இருக்கும். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை லாக்டோஸைத் தின்று அமிலம் விடும், புள்ளி இளஞ்சிவப்பாகும். டைபாய்டு தரும் சால்மோனெல்லா தின்னாது, நிறமில்லாமல் நிற்கும். வேறு சோதனைகளும் செய்துதான் பெயரை உறுதிசெய்வார்கள்.

பிறகு அந்தக் கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, ஆன்டிபயாடிக் வில்லைகளை வைப்பார்கள். வில்லையைச் சுற்றி வளராத வட்டம் போதிய அகலமாக விழுந்தால், அந்த மருந்து கேட்கும். இதற்கு இன்னொரு நாள்.

மெடிக்கலில் கேட்டு இரண்டு மாத்திரை போட்டுவிட்டுச் சாம்பிள் கொடுக்கலாமா? வேண்டாம். கிருமி உள்ளே இருந்தும் தட்டில் வளராமல் போகலாம்; ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும் முடிவு உங்களை ஏமாற்றிவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் அட்டையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

சாம்பிளை எப்படி எடுப்பது? கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை அவர்கள் தரும் டப்பாவில் பிடியுங்கள். வீட்டு பாட்டில் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெயிலில் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகிவிடும். அதனால் ஆஸ்பத்திரியிலேயே எடுப்பது நல்லது.

ரிப்போர்ட்டில் ‘கலப்பு வளர்ச்சி’ என்றிருந்தால்? பெரும்பாலும் தோலில் இருந்த கிருமிகள் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். பயப்படாமல், மறுபடி சுத்தமாகப் பிடித்துக் கொடுங்கள்.